சத்திரக்காரன் கையில் கொடுத்த இரண்டு பணம்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

களியக்காவிளைக்குப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஒரு ரப்பர் கடையில் கணக்கெழுதும் வேலை. என் மாமியாருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ் செய்தாக வேண்டும். ஆரம்பத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் செய்தோம். எங்கள் சபையில் விசேஷக் காணிக்கை எடுத்து உதவினார்கள். அதை நான் மறக்க மாட்டேன். ஆனால் சில மாதங்களில் அந்தக் காணிக்கை குறைந்து, பிறகு நின்றுவிட்டது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை எடுத்துக்கொண்டு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனைக்குப் போகலாம் என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். எங்கள் போதகரோ, அது எகிப்தின் குதிரைகளை நம்புவதற்குச் சமம், கர்த்தர் சுகம் கொடுக்கும்வரை காத்திருங்கள் என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் என் சித்தப்பா மகன் ஒரு பிரசங்கத்தை அனுப்பியிருந்தான். ஏழைகளுக்கு வைத்தியம் பார்ப்பது சபையின் வேலை, அரசாங்கம் வரியைப் பிடுங்கி அதைச் செய்வது கட்டாயத் தருமம், அதில் அன்பு இல்லை, ஆகவே அது கிறிஸ்தவத்துக்கு விரோதமானது என்று அதில் சொல்லப்படுகிறது. வீட்டில் என் மனைவி அழுதுகொண்டே இருக்கிறாள். அரசு மருத்துவத்தை நாடுவது விசுவாசக் குறைவா? அரசாங்கம் இதைச் செய்வது வேதத்துக்கு ஒத்ததா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள சகோதரருக்கு,

எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிலை நீங்கள் படித்து முடிப்பதற்காகக்கூட உங்கள் மாமியாரின் டயாலிசிஸ் ஒருமுறையும் தவறக் கூடாது. சிறுநீரகம் முற்றாக நின்றுபோனவருக்கு இடையில் சிகிச்சையை நிறுத்தினால் உடலில் நீரும் பொட்டாசியமும் ஏறும், சில நாட்களில் உயிருக்கே ஆபத்தாகும். இறையியல் விவாதத்துக்கு நமக்கு நேரம் இருக்கிறது, அவருக்கு இல்லை.

உங்கள் கடிதத்தில் இரண்டு எதிர்ப்புகள் சேர்ந்து வந்திருக்கின்றன. இரண்டும் ஒரே திசையில் போவதுபோலத் தோன்றினாலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. போதகர் மருத்துவமனையே வேண்டாம், காத்திருங்கள் என்கிறார். உங்கள் சித்தப்பா மகனுக்கு மருத்துவமனை மீது எந்த வருத்தமும் இல்லை, பணத்தை யார் கொடுக்கிறார் என்பதில்தான் வருத்தம். இதில் என் கண்ணில் பட்டது வேறொன்று. தனியார் மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்வதற்கு உங்கள் சபையே காணிக்கை எடுத்திருக்கிறது. அப்போது யாரும் எகிப்தைப் பற்றிப் பேசவில்லை. காணிக்கை தீர்ந்து, அரசு மருத்துவமனையின் பெயர் வந்த பிறகுதான், கர்த்தரைத் தேடாமல் எகிப்தின் குதிரைகளை நம்புகிறவர்களைக் கண்டிக்கும் ஏசாயாவின் வசனம் நினைவுக்கு வந்திருக்கிறது. போதகரின் உண்மையான தடை மருந்தின்மேல் இல்லை என்று இதிலிருந்து எண்ணுகிறேன்.

தெய்வீக சுகத்தை நம்பி மருந்தையே தொடாமல் வாழும் விசுவாசிகள் நம் ஊர்ப்பக்கம் இருக்கிறார்கள். தன் உடலைக் குறித்துத் தானே அந்தத் தீர்மானத்தை எடுத்து, அதன் விளைவையும் தானே தாங்குகிறவரை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் இன்னொருவருடைய உடலுக்காக, அதுவும் படுக்கையில் இருக்கும் ஒரு முதியவளுக்காக, இன்னொருவர் எடுக்கும் தீர்மானத்துக்கு விசுவாசம் என்று பெயரிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இப்படிப்பட்டவர்கள் வழக்கமாக எடுத்துக்காட்டுவது இரண்டாம் நாளாகமத்தின் 16-ஆம் அதிகாரத்தில் வரும் ஆசா ராஜாவை. கால்களில் நோய் கண்டபோது அவன் கர்த்தரைத் தேடாமல் வைத்தியரைத் தேடினான் என்று அங்கே சொல்லப்படுவது உண்மை. அந்த அதிகாரத்தை முதலிலிருந்து படியுங்கள். ஆலயத்தின் வெள்ளியையும் பொன்னையும் எடுத்துச் சீரியாவின் ராஜாவுக்கு அனுப்பியவன் அவன், அதைக் கண்டித்த ஞானதிருஷ்டிக்காரனைக் காவலில் வைத்தவனும் அவன். தேவனை ஒதுக்கிவைத்துவிட்டு வாழப் பழகிய ஒருவன் நோயிலும் அப்படியே நடந்துகொண்டான் என்பதுதான் குற்றச்சாட்டு. வைத்தியரைத் தேடியதே குற்றமாக இருந்தால், எசேக்கியா ராஜாவின் பிளவைக்கு அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்ன ஏசாயாவின் கதி என்ன? எகிப்தின் குதிரைகளைப் பற்றிப் பேசியவரும் அந்த ஏசாயாதான் என்பதை உங்கள் போதகருக்கு மெதுவாக நினைவூட்டலாம். மருத்துவரான லூக்கா பவுலின் நண்பர். தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் சொன்னது ஜெபம் மட்டுமல்ல, கொஞ்சம் திராட்சரசமும்தான். வியாதியஸ்தனுக்காக மூப்பர்கள் ஜெபிக்க வேண்டும் என்று எழுதிய யாக்கோபு, கூடவே எண்ணெய் பூசவும் சொல்கிறார். கத்தோலிக்க வேதாகமத்தில் உள்ள சீராக் நூலின் 38-ஆம் அதிகாரமோ மருத்துவரை மதிக்கும்படி நேரடியாகவே கட்டளையிடுகிறது. இதற்குமேல் இதில் வாதாட எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் எது தடை? தமிழ்நாடு-கேரள எல்லை ஓரத்தில் வாழும் நம் கிறிஸ்தவர்களிடையே, அது எந்தச் சபையானாலும் சரி, அரசு மருத்துவமனைக்குப் போவது ஒரு தாழ்ச்சி என்ற எண்ணம் இரண்டு தலைமுறையாக வேரூன்றிவிட்டது. படித்து, வேலைக்குப் போய், காரை வீடு கட்டியவர்கள் தர்மாஸ்பத்திரியின் வரிசையில் நிற்க விரும்புவதில்லை. நின்றால் ஊர் என்ன சொல்லும் என்ற அச்சத்துக்கு வேத வசனத்தில் ஒரு போர்வை கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஏனென்றால் இதே மக்கள் பாறசாலை தாண்டித் திருவனந்தபுரம் போய், புற்றுநோய்க்கு ஆர்.சி.சி. என்ற மண்டலப் புற்றுநோய் மையத்திலும் இதயத்துக்கு ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனத்திலும் காத்திருப்பதில் எந்தக் குறைவையும் காண்பதில்லை. அவையும் மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் நிறுவனங்களே. அந்தப் பயணத்தை எகிப்துக்குப் போவதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. குமரி மாவட்டத்திலிருந்தும் தென்கேரளத்திலிருந்தும் நர்சிங் படித்த நம் பெண்கள் பிரிட்டனுக்குப் போய் அங்குள்ள தேசிய சுகாதார சேவையின் மருத்துவமனைகளில் வேலை பார்க்கிறார்கள். 1948 ஜூலை 5 அன்று தொடங்கப்பட்ட அந்தச் சேவை, உலகில் அரசு மருத்துவம் என்றால் முதலில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று. அந்தச் சம்பளத்தில் மார்த்தாண்டத்தில் வீடு எழுகிறது, சபைக்குத் தசமபாகமும் வருகிறது. அங்கே கொடுப்பது ஆசீர்வாதமாகவும் இங்கே பெறுவது அவிசுவாசமாகவும் எப்படி ஆயிற்று என்று யாராவது கேட்க வேண்டும்.

இனி சபைதான் இதைச் செய்ய வேண்டும் என்ற வாதத்துக்கு வருகிறேன். இதற்குப் பதில் சொல்ல அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை, நம் குமரி மாவட்டத்து நெய்யூர் வரை போனால் போதும்.

1838-இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த ஆர்ச்சிபால்ட் ராம்சே என்ற மருத்துவர் நெய்யூரில் சிகிச்சை கொடுக்கத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அவர் விலகினார், வேலை நின்றது. 1850-களின் தொடக்கத்தில் சார்லஸ் லீச் வந்தார். நோயாளிகள் திரண்டார்கள். 1854-இல் அவர் கடலில் மூழ்கி இறந்தார், வேலை மறுபடியும் நின்றது. 1861-இல் ஜான் லோ வந்து சேரும்வரை அங்கே மிஷன் மருத்துவர் இல்லை. அந்த இடைக்காலத்தில் காலராவோ அம்மையோ பாம்புக்கடியோ நம் ஊர்களைவிட்டுப் போய்விடவில்லை. ஒரு நல்ல மனிதர் கடலில் இறங்கிக் கரையேறாமல் போனதால் ஒரு நாட்டுப்புறமே ஏழு ஆண்டுகள் வைத்தியமில்லாமல் இருக்க வேண்டி வந்தது. லோ வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே உள்ளூர் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து மருத்துவம் கற்பிக்கத் தொடங்கியதற்கும், கிளை மருத்துவமனைகள் உண்டானதற்கும் இந்த அனுபவமே காரணமாக இருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஒரு ஆளின் பக்தியில் மட்டும் தொங்கும் வைத்தியம் அந்த ஆளோடு போய்விடும் என்பதை மிஷன்காரர்களே நம் மண்ணில் கண்டுகொண்டார்கள்.

அதன் பிறகு நெய்யூர் வளர்ந்தது, உலகின் மிகப் பெரிய மருத்துவ மிஷன்களில் ஒன்றாக அது எண்ணப்பட்டது. 1922-இல் எவரெஸ்ட் பயணத்தை முடித்துவிட்டு ஊர் சுற்றிப் பார்க்க வந்த ஹோவர்ட் சோமர்வெல், அங்கே ஒரே மருத்துவர் முடிவில்லாத நோயாளி வரிசைக்கு நடுவில் நிற்பதைப் பார்த்துவிட்டு, லண்டனில் தமக்குக் காத்திருந்த எதிர்காலத்தை உதறி இங்கேயே வந்துவிட்டார். இந்தச் சரித்திரத்தில் பெருமைப்பட எனக்கும் உரிமை உண்டு. ஆனால் எதற்காகப் பெருமைப்பட வேண்டும் என்பதில்தான் நாம் தவறிவிட்டோம். அப்போது நம் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் அரசு 1813-லேயே, ராணி கௌரி லட்சுமி பாயியின் காலத்தில், அம்மை குத்தத் தொடங்கிவிட்டது. திருவனந்தபுரத்தில் 1865-இல் பொது மருத்துவமனையும் எழுந்தது. ஆக, அரசு எதுவுமே செய்யாத இடத்தில் சபை வந்தது என்பது முழு உண்மையல்ல. சாதியின் பெயரால் அரசின் வாசல்கள் பெரும்பாலோருக்கு அடைபட்டிருந்த ஒரு காலத்தில், பிராமணரும் நாயரும் நாடாரும் புலையரும் பறையரும் ஒரே கூடத்தில் தங்கள் முறைக்காகக் காத்திருக்கும்படி செய்ததுதான் நெய்யூரின் அருஞ்செயல். இன்று அந்தக் கூடம் எங்கே இருக்கிறது? முன்பணம் கட்டினால்தான் படுக்கை என்று சொல்லும், பெயரில் மட்டும் ஒரு புனிதரைச் சுமக்கும் கட்டடங்களில் இல்லை. முந்திரி ஆலைத் தொழிலாளியும் ரப்பர் பால்வெட்டுகிறவரும் குளச்சல் மீனவரும் பெயர் கேட்கப்படாமல், சாதி கேட்கப்படாமல் ஒரே வரிசையில் நிற்கும் ஆசாரிபள்ளத்துப் புறநோயாளிப் பிரிவில் இருக்கிறது. நெய்யூரின் வாரிசு அந்த வரிசைதான் என்று நான் கருதுகிறேன். அதில் நிற்க வெட்கப்படுகிற கிறிஸ்தவர், சோமர்வெல்லின் படத்தைச் சுவரில் மாட்டுவதில் பொருளில்லை.

காணிக்கையால் ஒருபோதும் ஆகாத காரியங்களும் இருக்கின்றன. தொழுநோயாளிகளைத் தொட்டுப் புண் கழுவியவர்கள் மிஷன்காரர்கள், வேலூரில் பால் பிராண்ட் என்ற மருத்துவர் அந்த நோயாளிகளின் கைகளை அறுவை செய்து மீட்டார். அந்த மகிமையை யாரும் குறைக்க முடியாது. ஆனால் நோய் நாட்டைவிட்டுப் பின்வாங்கியது, 1983-க்குப் பிறகு அரசின் தொழுநோய் ஒழிப்புத் திட்ட ஊழியர்கள் வீடு வீடாகப் போய்த் தேமலைத் தேடிப் பார்த்துக் கூட்டு மருந்து கொடுத்ததால். பெரியம்மை 1975-இல் இந்தியாவைவிட்டுப் போனதும், இளம்பிள்ளைவாதத்தின் கடைசி நோயாளி 2011 ஜனவரியோடு முடிந்ததும் அப்படித்தான். போலியோ சொட்டு மருந்து நாட்களில் நம் சபைகள் பல தங்கள் வளாகத்தை முகாமுக்குக் கொடுத்தன. அங்கே மேசை போட்டு உட்கார்ந்த கிராம சுகாதார செவிலியரை எந்தப் போதகரும் விரட்டவில்லை.

உங்கள் சித்தப்பா மகனிடம் எனக்குக் கோபமில்லை. அவர் வாழும் நாட்டில் இந்த விவாதத்துக்கு ஒரு தனிப் பிறப்பு உண்டு. 1945-இல் ட்ரூமன் அனைவருக்கும் மருத்துவக் காப்பீடு வேண்டும் என்றபோது அங்குள்ள மருத்துவர் சங்கமே அதைப் பொதுவுடைமை மருத்துவம் என்று சொல்லி எதிர்த்தது. கம்யூனிசத்தின் மீதிருந்த பயமும், மத்திய அரசின் மீதிருந்த பழைய சந்தேகமும் பிறகு பிரசங்க மேடைகளிலும் ஏறின. முதியோருக்கும் ஏழைகளுக்குமான அரசு மருத்துவத் திட்டங்கள் 1965-இல் அங்கே வந்தன. 2010-இல் ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் வந்தபோது கிறிஸ்தவர்கள் ஒரே குரலில் பேசவில்லை. கருக்கலைப்புக்குப் பொதுப்பணம் போகும் என்று கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தார்கள். கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கமோ, ஒரு அருட்சகோதரியின் தலைமையில், அதே சட்டத்தை ஆதரித்தது. விசுவாசிகள் தங்களுக்குள் மாதந்தோறும் பணம் போட்டு ஒருவர் மருத்துவச் செலவை மற்றவர் பகிர்ந்துகொள்ளும் குழுக்களும் அங்கே இருக்கின்றன. நல்ல எண்ணத்தில் நடப்பவை பல. ஆனால் அவை சட்டப்படி காப்பீடு அல்ல, பணம் கிடைத்தே தீரும் என்ற உறுதி இல்லை, ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குப் பெரும்பாலும் கட்டுப்பாடுகள் உண்டு. சிறுநீரகம் பழுதான பிறகு உங்கள் மாமியார் போய்க் கதவைத் தட்டினால் என்ன பதில் வரும் என்பதை உங்கள் சித்தப்பா மகனிடமே கேளுங்கள். அதே கண்டத்தில் எல்லைக்கு வடக்கே, கனடாவின் சஸ்காட்சுவன் மாகாணத்தில், அரசு மருத்துவத்தைக் கொண்டுவந்த டாமி டக்ளஸ் ஒரு பாப்டிஸ்ட் போதகர் என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள். சிறுவயதில் எலும்பில் சீழ் பிடித்து டக்ளஸின் காலையே எடுக்க வேண்டும் என்றிருந்தது. தம் மாணவர்கள் பார்த்துக் கற்கலாம் என்ற நிபந்தனையோடு ஒரு அறுவை மருத்துவர் இலவசமாகக் காலைக் காப்பாற்றிக் கொடுத்தார். தன் கால் பிழைத்தது தற்செயலால் என்பதை டக்ளஸ் மறக்கவில்லை. பெற்றோரின் வசதியைப் பொறுத்து ஒரு பிள்ளையின் கால் இருக்கக் கூடாது என்று முடிவு செய்தார். முதல்வரான பின் 1947-இல் மருத்துவமனைச் செலவுக்கு அரசுக் காப்பீடு கொண்டுவந்தார், அவர் தொடங்கி வைத்த முழு மருத்துவக் காப்பீடு 1962-இல் நடைமுறைக்கு வந்தபோது மருத்துவர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள்.

கட்டாயத்தில் அன்பு இல்லை என்ற வாதத்தில் ஒரு பாதி உண்மை. வரி கட்டுவதால் யாரும் அன்புள்ளவராகிவிட மாட்டார். ஆனால் அந்த வாதம் முழுவதும் கொடுப்பவரின் ஆத்துமாவைப் பற்றியது, படுத்திருப்பவரின் உடலைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் கள்ளரால் அடிபட்டுக் கிடந்தவனின் காயங்களைக் கட்டி, எண்ணெயும் திராட்சரசமும் வார்த்து, தன் வாகனத்தில் ஏற்றிக் கொண்டுபோனவன் சமாரியன். மறுநாள் அவன் தன் வேலையைப் பார்க்கப் புறப்பட்டுவிட்டான். போகும்போது சத்திரக்காரன் கையில் இரண்டு பணத்தைக் கொடுத்து, அதிகமாகச் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்றான். அதற்குப் பிறகு அந்த மனிதனைக் கவனித்தது யார்? சத்திரக்காரன், கூலிக்கு. அவனுக்கு அன்பு இருந்ததா என்று லூக்கா எழுதவில்லை, இயேசுவும் விசாரிக்கவில்லை. சத்திரம் என்று ஒன்று வழியில் இருந்தது, அதில் ஆள் இருந்தான், கணக்கு இருந்தது. அது இல்லாவிட்டால் சமாரியனின் இரக்கம் ஒரு இரவோடு முடிந்திருக்கும். உங்கள் சபை உங்களுக்குச் செய்தது அந்த ஒரு இரவின் உதவி. அது சிறியதல்ல. ஆனால் டயாலிசிஸ் என்பது மாற்றுச் சிறுநீரகம் கிடைக்காதவரை ஆயுள் முழுக்க, வாரந்தோறும் தேவைப்படுவது. பால்வெட்டுக் கூலியில் காணிக்கை போடும் ஐம்பது குடும்பங்களால் அதைத் தாங்க முடியாமல் போனதில் அவர்கள் அன்பு குறைந்துவிடவில்லை.

சமாரியன் கொடுத்தது சொந்தப் பணம், வரியோ பிறர் பணம் என்று உங்கள் சித்தப்பா மகன் மறுமொழி சொல்லக்கூடும். மோசேயின் சட்டத்தில் வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கும் பரதேசிக்கும் விட வேண்டும் என்பது ஆலோசனையாகச் சொல்லப்படவில்லை, கட்டளை. மூன்றாம் வருடத்துத் தசமபாகத்தை லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் சாப்பிடும்படி ஊரிலேயே வைக்கச் சொல்லும் உபாகமமும் கட்டளைதான். ரூத் என்ற ஏழை விதவை பிறர் வயலில் பொறுக்கிய கதிர்களைப் பிச்சை என்று யாரும் சொல்லவில்லை, அது அவளுக்குரிய பங்கு. அதைப்போலத்தான் உங்கள் மாமியாரும். வாழ்நாள் முழுக்க அவர் சோப்பு வாங்கியபோதும் மண்ணெண்ணெய் வாங்கியபோதும் துணி எடுத்தபோதும் வரி கட்டியிருக்கிறார். காப்பீட்டு அட்டை அவருக்கு யாரோ போடும் தானமல்ல. இதோடு மாற்கு எழுதிய பெரும்பாடுள்ள பெண்ணையும் நினைத்துப் பாருங்கள். அவள் பல வைத்தியர்களிடம் போய்த் தனக்குண்டானதையெல்லாம் செலவழித்தும் குணமடையவில்லை என்று அவர் குறித்துவைத்திருக்கிறார். நோய் ஒரு குடும்பத்தின் சொத்தைத் தின்று தீர்ப்பதை வேதம் கவனிக்காமல் விடவில்லை.

அரசு மருத்துவமனைகளைப் புகழ்ந்து எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அங்கே ஆள் பற்றாக்குறை உண்டு, கழிப்பறைகளைச் சொல்லவே வேண்டாம், நோயாளியின் மகனை ஒருமையில் அதட்டும் ஊழியர்களும் உண்டு, தள்ளுவண்டிக்குக் கைநீட்டுகிறவர்களும் உண்டு. இவற்றைக் கேள்வி கேட்கும் உரிமை பயன்படுத்துகிறவர்களுக்கே முதலில் உண்டு. பேசத் தெரிந்தவர்கள், மனு எழுதத் தெரிந்தவர்கள் எல்லோரும் தனியாருக்குப் போய்விட்ட பிறகு, மிச்சமிருப்பவர்களின் குரல் யார் காதில் விழும்? கருக்கலைப்பு போன்ற விஷயங்களில் கிறிஸ்தவ மருத்துவருக்கும் செவிலியருக்கும் மனச்சாட்சிச் சிக்கல்கள் வருவதும் உண்மை, அவற்றை அந்தந்த இடத்தில் நேர்மையாகப் பேச வேண்டும். அதற்காக டயாலிசிஸ் இயந்திரத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. சபைக்கு அங்கே வேலை இல்லாமலும் இல்லை. துணைக்கு ஆளில்லாமல் கிடக்கும் நோயாளிகள் ஒவ்வொரு வார்டிலும் இருக்கிறார்கள். இரத்தம் தேவைப்படுகிறது, சீட்டு வாங்க வரிசையில் நிற்கவும் எழுத்துத் தெரியாதவர்களுக்குப் படிவம் நிரப்பவும் ஆள் தேவைப்படுகிறது. வியாதியாயிருந்தேன், விசாரிக்க வந்தீர்கள் என்ற வசனம் மருத்துவமனைக் கட்டணத்தைக் கட்டச் சொல்லவில்லை, வரத்தான் சொல்கிறது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் உங்கள் குடும்பம் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். கிராம நிர்வாக அலுவலர் வழியாக வருமானச் சான்று வாங்கிக்கொண்டு, குடும்ப அட்டை, ஆதார் அட்டைகளோடு, மாமியாரையும் உடன் அழைத்துக்கொண்டு நாகர்கோவிலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போங்கள். மாமியாரின் பெயர் உங்கள் குடும்ப அட்டையில் இருக்கிறதா, மைத்துனர் வீட்டு அட்டையில் இருக்கிறதா என்பதை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், பலர் இங்கேதான் ஒரு நாளை வீணாக்கித் திரும்புகிறார்கள். டயாலிசிஸ் அந்தத் திட்டத்தில் அடங்கும். அட்டை கைக்கு வருவதற்கு முன்பே ஆசாரிபள்ளத்தில் சிறுநீரகப் பிரிவில் காட்டிவிடுங்கள், அரசு மருத்துவமனையில் சிகிச்சை தொடங்க அட்டைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இதுவரை செய்த சிகிச்சையின் குறிப்புகளையும் இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் பழைய மருத்துவமனையில் கேட்டு வாங்கிக் கையோடு கொண்டுபோங்கள். போதகரிடம் சண்டை வேண்டாம். மாமியாருக்கு அவர்மேல் மரியாதை இருக்கும், அதைக் குலைக்கக் கூடாது. டயாலிசிஸ் நடக்கும் நாளில் வந்து ஜெபிக்கும்படி அவரைக் கூப்பிடுங்கள், அனுமதிக்கப்பட்ட பார்வை நேரத்தில் வந்தால் அங்கே யாரும் தடுக்கப் போவதில்லை. அமெரிக்காவுக்குப் பதில் எழுதுவதை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்.